ஆறுதல் பரிசு

நாற்பத்தொன்று என்றார் டாக்டர் கோ.
கடுகைவிடச் சின்னத் துளி ரத்தத்தில்
ஐந்நூறுக்கு மேல் இருக்கவேண்டிய செல்கள்.
வைரஸோ ஒரு மில்லியில்
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

"அந்தச் செல்கள் காவலாளிகள் மாதிரி"
என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்காமலே சொன்னார்.
பொங்கோலில் ஆறு புளோக், பதினேழு மாடி,
பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி எனக்கு.
காவலாளியைப் பற்றி எனக்கா சொல்லவேண்டும்?
விடியற்காலை நாலு மணிக்கு
நாற்பத்தொரு பேரும்
நாற்காலியில் தலை சாய்ந்திருப்பார்கள்.

நுரையீரலில் பூஞ்சை.
வெளியாள் இல்லையாம். பலர் நெஞ்சிலும்
வந்து போய்க்கொண்டிருப்பதுதானாம்,
அட்டை தட்டி, தலையாட்டி,
லிஃப்டில் ஏறிப் போகிறவன் போல.
கேட்க ஆளில்லை என்று தெரிந்த இரவில்
மாடி மாடியாகச் சொந்தபந்தத்தைக் குடிவைத்துவிட்டான்.
நாக்கிலும் வெள்ளை வெள்ளையாய்
நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் பூன் கியாட்.
இடக்கண் போயிருந்தது,
வலக்கண் போய்க்கொண்டிருந்தது.
சின்ன வயதிலிருந்து உடம்பில் சும்மா கிடந்த வேறொரு கிருமி
இப்போதுதான் எழுந்து விழித்திரையைத் தின்கிறது.
பரிசோதனைத் தாளை என் பக்கம் நீட்டினான்.
"படி. எனக்கு எவ்வளவு?"
பன்னிரண்டு.
சிரித்தான். சிரிப்பு இருமலாகி
நர்ஸ் ஓடிவரும்வரை நிற்கவில்லை.
அப்புறம் மெதுவாக,
"உனக்கு நாற்பத்தொன்று, எனக்குப் பன்னிரண்டு.
நாலு இலக்கம் ஆச்சு. ஃபோர் டி வாங்கு."

நசுங்கிய காரின் எண்ணையும்
விடாமல் வாங்குகிற ஊர்தானே இது.
வீட்டுக்கு அனுப்பிய அன்றே வாங்கினேன்:
4112. ஒரு வெள்ளி.
புதன் இல்லை, சனி இல்லை, ஞாயிறு இல்லை.
ஏழு வாரம் இல்லை.
ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் போன் செய்து
இல்லை என்றேன்.
ஒரு வியாழக்கிழமை அவன் போனிலிருந்து
தங்கை பேசினாள்.

சனிக்கிழமை மாலை வந்துவிட்டது,
ஆறுதல் பரிசில், கடைசி வரிசையில்.
அறுபது வெள்ளி.

சீட்டை மாற்ற நேரமில்லை.
என் பணத்தில் அறுபதை வெள்ளை உறைக்குள் வைத்தேன்.
சாவு வீட்டுக்கு ஒற்றைப்படைதான் ஆகுமாம்,
ஒன்று சேர்த்தேன்.
அங் மோ கியோ, புளோக்கின் கீழ்த்தளம்,
வட்ட மேசை, வறுகடலை, பாக்கெட் பானம்.
"அண்ணனை எப்படித் தெரியும்?"
வார்டின் பெயர் நாக்கு வரை வந்தது.
"சேர்ந்து ஃபோர் டி வாங்குவோம்."
பொய்யில்லை.
"அவனுக்குத்தான் கண் தெரியாதே,
யார் எண்ணைப் பார்த்துச் சொல்வது?"
"நான்தான்."
அவள் கடலைத் தட்டை
என் பக்கம் தள்ளி வைத்தாள்.

இன்றைக்குப் பதினொரு மாதம்.
வைரஸ் இருபதுக்கும் கீழே. செல்கள் இருநூற்று முப்பத்தெட்டு.
நுரையீரலுக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாம்.
"கண்டறிய முடியாத அளவு" என்றார் டாக்டர் கோ,
என் முகத்தைப் பார்த்துவிட்டு
"அது நல்ல சொல்தான்" என்றார்.
தெரியும் டாக்டர்.
கேட்டைத் தாண்டி இரவெல்லாம் எத்தனையோ பேர்;
ஒருவர் கண்ணுக்கும் தட்டுப்படாமல்
ஒன்பது வருடமாய் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.
இல்லை என்று ஆகிவிடுமா?

திரும்பும் வழியில் ஃபோர் டி கடை, வரிசை.
"என்ன நம்பர்?" என்றாள் ஆன்டி.
0238 தொண்டையிலேயே நின்றது.
பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டேன்.

பர்ஸுக்குள் 4112,
காசாக்கும் கெடு முடிந்து
எழுத்து மங்கத் தொடங்கிய சீட்டு.
எட்டு மணிக்கு அலாரம் அடித்தது.
கேட்டில் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது.
இருங்கள், மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறேன்.